யானை போட்ட காசும் என் சகலையும்

போன மாதம் ஒரு வாரம் முழுக்க என் சட்டைப் பையில் ஒரே ஒரு பத்து ரூபாய் நாணயம் குடியிருந்தது. எங்கே நீட்டினாலும் திரும்பி வந்தது.

பால் கடையில், "இது நடெயல்ல சார்" என்றார்கள். நடக்காது — அதாவது, செல்லாது. ஏன்? டூப்ளிகேட்டாம். எப்படித் தெரியும்? எல்லோரும் சொல்கிறார்களாம். அரசாங்கமே செல்லும் என்கிறதே என்றேன். அப்படியானால் அரசாங்கத்திடமே பால் வாங்கிக்கொள்ளும்படி கடைக்காரர் கன்னடத்தில் பணிவாகக் கேட்டுக்கொண்டார். ஜெராக்ஸ் கடையிலும் இதே கதை. ஆட்டோக்காரர் நாணயத்தைப் பார்க்கக்கூட இல்லை... என் முகத்தைத்தான் பார்த்தார்.

மைசூரில் ஒரு ஸ்கூலில் ஒன்பதாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறவன் நான் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்த வாரப் பாடம் — அடர்த்தி. ஒரு பொருளின் எடையை, அது அடைத்துக்கொள்ளும் இடத்தால் வகுத்தால் வருகிற எண். ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒரு எண் உண்டு. மேலே என்ன முலாம் பூசிப் பளபளக்க வைத்தாலும் அந்த எண் அசைந்து கொடுக்காது.

போர்டில் எழுதிப்போட்டு முடித்திருக்கலாம். ஆனால் பையில் நாணயம் உறுத்திக்கொண்டிருந்ததே...

"நாளைக்கு எல்லாரும் வீட்டிலேர்ந்து ஒரு பத்து ரூபாய் காயின் கொண்டு வாங்க. எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டுன்னு நாமே கண்டுபிடிப்போம்" என்றேன்.

கொண்டு வந்தார்கள். ஒன்று கேட்டால் நாலைந்து கொண்டு வந்தார்கள். பிக்னிக்குக்குப் பணம் கேட்டால் ஒரு வாரம் யோசிக்கிற பெற்றோர்கள், இதைக் கேட்டவுடன் அள்ளிக் கொடுத்தார்களாம். எல்லார் வீட்டிலும் டப்பாவில் தேங்கிக் கிடக்கிறது.

முதல் நாள் சோதனை படுதோல்வி. அளவு ஜாடியில் தண்ணீர் ஊற்றி, நாணயத்தைப் போட்டு, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஜாடியில் கோடுகள் ஒரு மில்லிக்கு ஒன்று. நாணயம் ஏற்றுகிற தண்ணீரோ ஒரு மில்லிகூட இல்லை. ஒவ்வொரு குழுவும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணை எழுதியது. ஒரு குழுவின் கணக்குப்படி அந்த நாணயம் தண்ணீரில் மிதக்க வேண்டும்.

"பத்து காயினையும் ஒண்ணாப் போடலாம் சார். அப்ப நல்லாத் தெரியும் அல்வா?" என்றாள் கீர்த்தனா. அப்பா இங்கே கட்டட வேலை மேஸ்திரி. வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம். என்னிடம் பேசும்போது இரண்டும் கைகோத்து வரும்; அவளுடைய 'அல்வா' தின்பதற்கல்ல, கன்னட 'அல்லவா'.

நல்ல யோசனைதான். ஆனால் பின் பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. பத்தில் ஒன்று மட்டும் டூப்ளிகேட் என்றால்? மற்ற ஒன்பதோடு கலந்து அது தப்பித்துக்கொள்ளுமே?

இப்படிக் கேள்வி வருகிற நாளில்தான் நான் வாங்குகிற சம்பளம் செரிக்கிறது.

உள்ளங்கை அளவில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினேன். நகைக்கடையில் இருக்குமே, அந்த மாதிரி. ஒரு கிராமை நூறாகப் பிரித்துக் காட்டும். தண்ணீர் நிறைந்த பீக்கரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும். நாணயத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு எத்தனை கிராம் கூட்டிக் காட்டுகிறதோ, அத்தனை மில்லி இடத்தை நாணயம் அடைக்கிறது. அவ்வளவுதான். ஜாடியும் வேண்டாம், கண்ணைச் சுருக்கவும் வேண்டாம்.

இரண்டு பீரியட் தொங்கவிட்டோம். பழைய டிசைன், புது டிசைன், கோடு அதிகம் உள்ளது, குறைவாக உள்ளது... எல்லாம் கிட்டத்தட்ட ஒரே எண். ஒன்றுகூட டூப்ளிகேட் இல்லை. பால் கடைக்காரர் தோற்றார், நான் ஜெயித்தேன்.

வகுப்பின் முகம்தான் வாடிப்போனது.

"ஒண்ணாவது டூப்ளிகேட் கிடைக்கும்னு நெனச்சோம் சார்" என்றாள் கீர்த்தனா. வாஸ்தவம்தானே? நாள் முழுக்கத் தேடியும் ஒரு திருடன்கூடக் கிடைக்கவில்லை என்றால் போலீஸ் வேலையில் என்ன சுவாரசியம்?

அவர்களை உற்சாகப்படுத்துவதற்காகத்தான் — சத்தியமாக அதற்காக மட்டும்தான் — மறுநாள் எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில் இருந்த மூன்று வெள்ளிக்காசுகளைக் கொண்டு போனேன். ஒவ்வொன்றும் இருபது கிராம். ஒரு பக்கம் லட்சுமி. நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது அன்பளிப்பாக வந்தவை. வெள்ளியின் எண் பத்தரை. மூன்றும் பத்தரை காட்டும், பிள்ளைகள் கைதட்டும், மணி அடிக்கும். அதுதான் திட்டம்.

முதல் காசு பத்தரை. இரண்டாவதும் அதேதான். மூன்றாவதைத் தொங்கவிட்டாள் கீர்த்தனா. எடையை வகுத்தார்கள். எட்டு புள்ளி ஆறு.

 நாற்பது பேரும் பெஞ்சை விட்டு எழுந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். கீர்த்தனா மட்டும் அவசரப்படவில்லை. "ஏர் பபிள் ஒட்டியிருக்கும் சார்" என்று சொல்லி, காசைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி தொங்கவிட்டாள். எட்டு புள்ளி ஆறு. நூலை மாற்றினாள். எட்டு புள்ளி ஆறு. ஜெர்மன் சில்வர் என்று நாம் சொல்கிற கலவை உலோகத்துக்குப் பக்கத்தில் வருகிறது. அதில் துளிகூட வெள்ளி கிடையாது. மேலே முலாம் மட்டும் பூசியிருப்பார்கள்.

"யாரு சார் குடுத்தது?" என்று ஒரு குரல்.

"தெரியல" என்றேன். ஆனால் என் முகம் வேறு ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"டென்சிட்டி வெச்சு அது வெள்ளி இல்லேன்னுதான் சொல்லலாம் சார். யாரு குடுத்ததுன்னு சொல்ல முடியாது அல்வா?" என்றாள் கீர்த்தனா, காசைத் துடைத்துக்கொண்டே.

அவளால் முடியாது. என்னால் முடியும். நான் வீட்டுக்குப் போகிற வழியிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

பாருங்கள், மூன்று காசு. ஒன்று என் மச்சான் கொடுத்தது. அவர் பேங்க் ஆபீசர், பில் இல்லாமல் பல்குத்தும் குச்சிகூட வாங்க மாட்டார். ஒன்று என் ஸ்கூல் ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்தது. பன்னிரண்டு பேர் சேர்ந்து வாங்கியதில் ஏமாற வாய்ப்பில்லை. மிச்சம் யார்? என் சகலை மாதேசன்.

மாதேசன் என் மனைவி சுமதியின் அக்கா கணவர். ஹனூருக்கு அந்தப் பக்கம் ராமாபுரத்தில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். கடைக்கு யார் வந்து என்ன கேட்டாலும் அவர் வாயில் வருகிற முதல் வாக்கியம் — "ஒரிஜினல் போடட்டுங்களா, டூப்ளிகேட் போடட்டுங்களா?"

இதற்கு மேல் சாட்சி வேண்டுமா? வேண்டுமென்றால் அதுவும் இருந்தது. அந்தக் காசின் பின்பக்கம் ஒரு யானை. மாதேஸ்வர மலைக் காட்டில் யானை உண்டு. மாதேசன் ஊர் அந்தக் காட்டை ஒட்டியது. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாதே என்று சொல்லிக் கொடுக்கிறவனின் மூளை வேலை செய்த அழகைக் கவனியுங்கள்.

அன்று சாயங்காலம் சுமதியிடம் சொன்னேன். கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "எந்தக் காசு?"

"யானை போட்டது. உன் அக்கா வீட்டுக்காரர் வெச்சது."

காசை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். என்னென்னவோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. கடைசியில், "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டு விசேஷம் இருக்கு. அங்க வந்து இதப் பத்தி வாயத் தெறக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வெங்காயத்துக்குத் திரும்பினாள்.

பிறந்த வீட்டுப் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாதேசனின் மகள் கவிதாவுக்கு ஒரு வயதுப் பெண் குழந்தை. அதற்குக் காதுகுத்து. ஞாயிறு காலை மைசூரில் பஸ் ஏறி, கொள்ளேகால், ஹனூர் தாண்டி ராமாபுரம் போய் இறங்கினோம். என் தோள் பையில் ஒரு சட்டை, மொய்க் கவர், டிஜிட்டல் தராசு, யானை போட்ட காசு. தராசை எதற்கு எடுத்துப் போனேன் என்று கேட்காதீர்கள். பிள்ளைகளிடம் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பார்கள்.

"வாங்க சகல, வாங்க. பஸ்ல எடம் கெடச்சுதுங்களா?" என்று பந்தல் வாசலுக்கே வந்து பையை வாங்கிக்கொண்டார் மாதேசன். குண்டான மனுஷர். சிரித்தால் தோள் இரண்டும் குலுங்கும். குழந்தை கதறி முடித்துக் காதில் புதுத் தோட்டோடு தூங்கியதும், பந்திக்கு முந்திய பேச்சு ஆரம்பித்தது. ஸ்கூல் எப்படி இருக்குதுங்க என்று அவர்தான் கேட்டார். நான் பத்து ரூபாய் நாணயக் கதையைச் சொன்னேன்.

அவருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "அட, நம்ம கடைல ஒரு டப்பா கெடக்குதுங்க. ஒருத்தனும் வாங்க மாட்டேங்கறான். நீங்க செஞ்சு காட்டுங்க சகல, எல்லாரும் பாக்கட்டும்."

ஒரு பெரிய டம்ளரில் தண்ணீர் வந்தது. பூ கட்டும் நூல் வந்தது. பந்தலில் இருந்த மாமன் மச்சான்கள் எல்லாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நாலு நாணயம் தொங்கவிட்டேன். நாலும் நல்ல காசு என்று அறிவித்தேன். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் தன் இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, அதையும் பார்க்கச் சொன்னார்.

அப்போதுதான் என் கை பைக்குள் போனது. அதைத் தடுக்கக்கூடிய ஒரே ஆள் சமையல் பந்தலில் அப்பளம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இதையும் பாத்துருவோம்" என்று யானைக் காசை எடுத்து நூலில் கட்ட ஆரம்பித்தேன்.

மாதேசன் குனிந்து பார்த்தார். சிரிப்பு நின்றது. சட்டென்று காசின் மேல் தன் பெரிய கையை வைத்து மூடிக்கொண்டார். "அது எதுக்குங்க இப்ப... எலை போட்டாச்சு. எல்லாரும் எந்திரிங்க, சாப்புடுவோம்" என்று கூட்டத்தைக் கிளப்பிவிட்டார். என் காதுப்பக்கம் வந்து, "சகல, நீங்க மட்டும் கொஞ்சம் கடப்பக்கம் வாங்க" என்றார்.

மாட்டிக்கொண்டார் என்று நினைத்தேன். அந்த இருபது அடி தூரமும் நான் எவ்வளவு பெருந்தன்மையாக மன்னிக்கப் போகிறேன் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தேன்.

வீட்டின் முன்பக்கம்தான் கடை. ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனார். மேஜை டிராயரைத் திறந்து, பேரிங் டப்பாக்களை நகர்த்தி, ஒரு சின்ன சிவப்புப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார்.

திறந்தேன். ஒரு பக்கம் லட்சுமி. மறு பக்கம் யானை. ஓரத்தில் சின்னதாக உரசிய தடம்.

"இது..." என்றேன்.

"கவிதா கல்யாணத்துக்கு நீங்க வெச்சதுங்க."

அந்த நொடியில் எல்லாம் வந்துவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்கு டை கட்டிக்கொண்டு வந்த ஒரு விற்பனையாளர். தசரா ஸ்பெஷல், அதனால்தான் யானை போட்டிருக்கிறது என்று சொன்னது. இரண்டாக வாங்கினால் விலை குறைவு என்றது. நான் இரண்டு வாங்கியது. ஒன்றைக் கவிதா கல்யாணத்துக்கு வைத்துவிட்டு, இன்னொன்றைப் பூஜை அலமாரியில் போட்டது. அப்படியானால் ஸ்கூல் ஆசிரியர்கள் சேர்ந்து கொடுத்தது? சுவர்க்கடிகாரம். எங்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. தினமும் அதைப் பார்த்துத்தான் ஸ்கூலுக்குக் கிளம்புகிறேன்.

மாதேசன் கொடுத்த காசு? அது பத்தரை காட்டிய இரண்டில் ஒன்று.

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். 

"கொழந்த பொறந்தப்போ கவிதா, சித்தப்பா வெச்ச வெள்ளிய அழிச்சு கொலுசு பண்ணலாம்ப்பான்னு சொல்லுச்சுங்க. நாந்தான் ஆசாரிகிட்ட கொண்டு போனேன். ஓரத்துல ஒரசி ஒரு சொட்டு ஆசிட் வெச்சாரு. பச்சையாப் பொங்குச்சுங்க, வெள்ளின்னா அப்படிப் பொங்காது."

"அப்புறம்?"

"அப்புறம் என்னங்க... வேற வெள்ளி வாங்கிக் கொலுசு பண்ணிட்டேன். சித்தப்பா காசுல பண்ணுனதுன்னுதான் கவிதாவுக்குத் தெரியும். கொழந்த இப்பக்கூடப் போட்டிருக்குது பாருங்க."

பார்த்திருந்தேன். காது குத்தும்போது குழந்தை காலை உதைத்த உதையில் அந்தக் கொலுசு பந்தல் முழுக்கக் கேட்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொல்லி என்னங்க பண்றது? நீங்களே ஏமாந்துதான் வாங்கிருப்பீங்க. சொன்னா ரெண்டு நாளு தூங்க மாட்டீங்க. வாத்தியாருக்கு எதுக்கு அந்த வேதனைன்னு உட்டுட்டேன்."

கவனித்தீர்களா? ஒரே மாதிரிக் காசு. அதைப் பார்த்து அவர் நினைத்தது — பாவம், சகலை ஏமாந்துவிட்டார். நான் நினைத்தது — சகலை ஏமாற்றிவிட்டார். இரண்டு பேருக்குமே ஆதாரம் கிடையாது. இரண்டு பேருமே ஊகம்தான் செய்தோம். ஆனால் ஒருவர் ஊகம் ஒரு குழந்தையின் காலில் கொலுசானது. இன்னொருவர் ஊகம் தராசைத் தூக்கிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் ஏறி வந்தது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடையில், அந்த மனுஷர் எதிரில் முடியவில்லை. "சகலை... இது நீங்க குடுத்ததுன்னு நெனச்சுத்தான் கொண்டு வந்தேன். எல்லார் முன்னாடியும் காட்டணும்னு" என்றேன்.

அவர் காசையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.  பிறகு தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரித்துச் சிரித்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"நெனக்காம இருப்பீங்களா... டூப்ளிகேட் போடட்டுமான்னு கேக்கற ஆளுதானுங்களே நானு" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்புறம் கொஞ்சம் நிதானமாக, "ஆனா நான் கேட்டுட்டுத்தானுங்க போடறேன்" என்றார்.

 வேறு காசு வாங்கித் தருகிறேன் என்றேன். ஒத்துக்கொள்ளவே இல்லை. ரொம்ப வற்புறுத்தினதும், "ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தராச உட்டுட்டுப் போங்க. அச்சுல மாட்டற வளையம் இருக்குதுங்களே, பித்தள புஷ்ஷுன்னு சொல்லி என்னென்னமோ அனுப்பறானுங்க. நானும் தண்ணில தொங்கவிட்டுப் பாக்கறேன்" என்றார்.

சாப்பாடு முடிந்ததும் டம்ளரும் நூலுமாக அவருக்கு முறையை இன்னொரு தடவை செய்து காட்டினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். என் வகுப்பில் சேர்ந்திருந்தால் முதல் பெஞ்சில் உட்கார வைத்திருப்பேன். நாங்கள் கிளம்பும்போது அவர் கடை வாசலில் இரண்டு புஷ்களோடு உட்கார்ந்திருந்தார். சுற்றி எட்டு பேர்.

திரும்பி வரும் பஸ்ஸில் சுமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"வாயத் தெறக்காதீங்கன்னு சொன்னேனில்ல?"

எனக்குச் சந்தேகம் தட்டியது. "உனக்கு முன்னாடியே தெரியுமா?"

முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "கொள்ளேகால் வந்தா எழுப்புங்க" என்றாள்.

திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் நாற்பது பேரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். அந்த டூப்ளிகேட்டை யார் சார் குடுத்தது? நானே காசு கொடுத்து வாங்கியது என்றேன். பெரிய சிரிப்பு. சயின்ஸ் வாத்தியார் ஏமாந்தார் என்பது பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய திருவிழா என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏன் சார் வாங்கும்போதே டெஸ்ட் பண்ணலை என்றார்கள். விலை குறைவு என்றதும் அடர்த்தி மறந்துவிட்டது என்றேன். அதையும் கீர்த்தனா ரெக்கார்ட் நோட்டில் எழுதிக்கொண்டாள்... முடிவு என்ற தலைப்புக்குக் கீழே.

அத்தோடு விட்டார்களா? இல்லை. முதல் பெஞ்சு முழுக்க என் விரலைப் பார்த்தது. என் மாமனார் போட்ட கல்யாண மோதிரம். தங்கத்துக்கு என்ன எண் சார், புதுத் தராசு வாங்கியதும் இதையும் தொங்கவிடலாமா சார் என்று ஆரம்பித்தார்கள்.

விரல் பெருத்துவிட்டது, மோதிரம் கழல வராது என்று சொல்லிவிட்டேன்.

நன்றாகவே கழலும்.